ஆயிரம் மைக்ரான்

நுங்கு உரித்தவர்களுக்கு இது தெரியும். சுளையை நோண்டி எடுத்தாகிவிட்டது. மேலே வெளிர் பழுப்பில் ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தை எங்கே நுழைப்பது என்று பார்த்து நுழைத்தால் தோல் தனியே வரும், உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் போச்சு, பாவாடையெல்லாம் நுங்குத் தண்ணீர். விருதுநகர் பக்கத்தில் சித்திரை விடுமுறைகளில் கற்றுக்கொண்ட அந்த வேலையைத்தான் முப்பத்து மூன்றாம் வயதில், பன்றியின் இரைப்பையில், மின்கத்தியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கற்றேன்.

நான் குடல், இரைப்பை நோய் மருத்துவர். எம்.டி., அதற்கு மேல் டி.எம். எல்லாம் முடித்து, தினமும் பத்துப் பேருக்குக் கேமரா விட்டுப் பார்க்கிற நிலைக்கு வந்தவள் மறுபடி எல்.கே.ஜி.யில் போய் உட்காருவது கொஞ்சம் கூச்சமான காரியம். கற்க வந்த வேலையைச் சுருக்கமாக இ.எஸ்.டி. என்போம். குடலின் உட்சுவரில் பரவிக் கிடக்கும் கட்டியை, வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியே போன கேமராக் குழாயின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் கத்தியால் உரித்து, ஒரே துண்டாக வெளியே கொண்டுவருவது.

காம்பில் தொங்குகிற கட்டி என்றால் இத்தனை பாடு வேண்டாம். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் கொலோனோஸ்கோப் வழியாகக் கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துக் காட்டிவிட்டார்கள். இன்று எந்த ஊரிலும் அது நடக்கிறது. ஆனால் கிணற்றுப் படியில் பாசி படர்ந்த மாதிரி தரையோடு தரையாகப் பரவிய கட்டி, அதுவும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியது, சுருக்கில் நாலைந்து துண்டாகத்தான் வரும். ஓரத்தில் மிச்சம் தங்கும். அப்படி எடுத்தவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவருக்கு அதே இடத்தில் திரும்ப முளைக்கும். முளைத்தாலாவது மறுபடி எடுக்கலாம். பெரிய நஷ்டம் வேறு. உள்ளே புற்று இருந்தால் அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பெத்தாலஜி மருத்துவரால் சொல்லவே முடியாது. நாலாகக் கிழித்த கடுதாசியில் கடைசி வரியைத் தேடுகிற வேலை அது.

அந்த ஆழம்தான் இந்தக் கதை முழுவதும்.

மலக்குடலின் சுவர் மொத்தமே மூன்று நான்கு மில்லிமீட்டர். உள்ளே சளிப்படலம். அதற்கு அடியில் பஞ்சு போன்ற ஒரு இடையடுக்கு, சப்மியூக்கோசா. அதற்கும் வெளியே தசை. சளிப்படலத்துக்குள்ளேயே நின்றுவிட்ட புற்று அநேகமாக எங்கும் போவதில்லை. இடையடுக்கில் நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அங்கே இறங்கிய பிறகு அதற்கு வெளியே போக வழி கிடைக்கிறது. எவ்வளவு இறங்கினால் ஆபத்து? ஜப்பானியர்கள் எடுத்த கட்டிகளையெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் அளந்து ஒரு கோடு போட்டார்கள்: ஆயிரம் மைக்ரான். ஒரு மில்லிமீட்டர். பள்ளிக்கூட அளவுகோலில் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடம். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து, வேறு கெட்ட குணமும் இல்லையென்றால் ஆள் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பக்கம் என்றால் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள்.

கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

டோக்கியோவில் மூன்று மாதம் இருந்தேன். இ.எஸ்.டி. பிறந்த ஊர் அது. 1990களில் அங்குள்ள தேசியப் புற்றுநோய் மைய மருத்துவர்கள் மின்கத்தியின் நுனியில் சின்னஞ்சிறு பீங்கான் உருண்டையைப் பொருத்தினார்கள். கரண்ட் பாயாத அந்த நுனி தசைக்குள் குத்தி இறங்காமல் தடுக்கும். முதலில் இரைப்பைக்கு. அந்நாட்டு மருத்துவக் காப்பீடு இரைப்பை இ.எஸ்.டி.யை 2006இல் ஏற்றுக்கொண்டது. பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடல் சுவர் இரைப்பையைவிட மெல்லியது, வளைந்து நெளிந்து கிடப்பது, ஓட்டை விழுந்தால் வெளியே கொட்டுவது மலம். ஆறு ஆண்டு அதிகம் யோசித்ததில் தப்பில்லை.

வெளிநாட்டிலிருந்து பார்வையாளராக வருகிறவர் அங்கே நோயாளியைத் தொட முடியாது. அதனால் பகலில் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மாலையில் பயிற்சி அறை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் கழுவிய பன்றி இரைப்பை, அதில் சாயப் பொட்டு வைத்த ஒரு வட்டம். அதுதான் கட்டி என்று பாவனை. வட்டத்துக்கு அடியில் ஊசியால் நீலம் கலந்த திரவத்தைச் செலுத்தினால் பூரி மாதிரி உப்பும். சுற்றி வெட்ட வேண்டும். பிறகு அடியில் புகுந்து, நீலமாகத் தெரிகிற இடையடுக்கை மட்டும் இழை இழையாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். மேலே போனால் கட்டியைக் கிழிப்பேன். கீழே போனால் சுவரை ஓட்டை போடுவேன். நடுவில் எனக்கு இருக்கிற இடம், திரவம் நிற்கிற வரைக்கும், சில மில்லிமீட்டர். முதல் வாரத்தில் என் இரைப்பைகள் எல்லாம் சல்லடை.

ஆசிரியருக்கு ஆங்கிலம் குறைவு. என்னிடம் அதிகம் சொன்ன சொல் ‘யுக்குரி’. மெதுவாக என்று அர்த்தம். அவர் மெதுவாகச் செய்வதாக எனக்கு முதலில் தோன்றவே இல்லை, கத்தி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. அவர் மெதுவாக இருந்தது கத்தியை எடுப்பதற்கு முன்னால். நோயாளியைப் படுக்க வைத்து, கட்டிக்கு முன்னால் கேமராவை நிறுத்தி, இருபது நிமிடம் சும்மா பார்ப்பார். கழுவுவார், பார்ப்பார். நீலச் சாயம் தெளிப்பார், பார்ப்பார். ஊதாச் சாயம் தடவி, லென்ஸை நெருக்கி, சுரப்பித் துளைகளின் வடிவத்தைப் பார்ப்பார். ஷின்-ஏய் குடோ என்ற ஜப்பானிய மருத்துவர் வகைப்படுத்திக் கொடுத்த வடிவங்கள் அவை. நல்ல சளிப்படலத்தில் துளைகள் புள்ளிக் கோலம் போல வரிசையாக இருக்கும். கட்டியில் நீண்டும் கிளைத்தும் போகும். ஐந்தாம் வகையில் கோலம் கலையும். புள்ளியே அழிந்து வழவழவென்று ஒரு இடம் தெரிந்தால் புற்று ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். அப்படி ஒன்றைப் பார்த்த அன்று ஆசிரியர் கேமராவை வெளியே இழுத்தார், கையுறையைக் கழற்றினார், அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு போன் செய்தார். கத்திப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பின்னால் நின்ற எனக்கு ஏமாற்றம். விமானச் செலவு செய்து வந்தவள் ஒரு கேஸை இழந்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்னொரு பாடம். எடுத்த துண்டை ரப்பர் பலகையில் விரித்து, ஓரம் சுருளாமல் துருப்பிடிக்காத குண்டூசிகளால் இழுத்துக் குத்தி, ஃபார்மலினில் போட்டிருப்பார்கள். பெத்தாலஜி மருத்துவர் அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொரு பட்டையிலும் புற்று எங்கே, எவ்வளவு ஆழம் என்று வரைபடம் போட்டுக் காட்டுவார். மேலே நாங்கள் எடுத்த படம், கீழே அவர் போட்ட வரைபடம். எங்கள் ஊகம் சரியா என்று எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும். குண்டூசி குத்துகிற வேலையைக் கடைசிப் பயிற்சி மருத்துவரிடம் தள்ளிவிட மாட்டார்கள். கத்தி பிடித்தவரே குத்துவார். கோணலாகக் குத்தினால் ஆழக் கணக்கு பிசகும்.

அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சளிப்படலத்துக்குள்ளேயே நிற்கிற கெட்ட செல்களை ஜப்பானிய பெத்தாலஜிக்காரர் புற்றுநோய் என்று எழுதுவார். அதே கண்ணாடித் துண்டை ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பினால் உயர்நிலை செல் மாற்றம் என்று எழுதுவார்கள், புற்று என்ற சொல்லே வராது. விமானம் ஏறினால் வியாதி மாறுகிறது. ஒரு நாட்டின் வெற்றிக் கணக்கை இன்னொரு நாட்டின் கணக்கோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குத் திரும்பி மதுரையில் என் சாரிடம் சேர்ந்தேன். ஜப்பானில் பிள்ளைகள் இரைப்பையில் தொடங்கி மலக்குடல் வழியாகப் பெருங்குடலுக்குப் போவார்கள். நம்மிடம் இரைப்பைப் புற்று ஆரம்ப நிலையில் வந்து சேர்வது அபூர்வம். வருகிறவர்களில் பலர் வாந்தியோடும் எடை இழப்போடும்தான் வருகிறார்கள். அதனால் எங்களுக்கு முதல் வகுப்பே மலக்குடல். அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மலக்குடல் அகலம், அசையாமல் இருக்கும், சுவர் கொஞ்சம் தடிப்பு, கேமரா சொன்னபடி கேட்கும். கீழ்ப்பகுதியில் ஓட்டை விழுந்தாலும் அது வயிற்று அறைக்குள் திறப்பதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் செய்து பார்த்தே தெரிந்துகொண்டேன்.

முழுதாக நான் கத்தி பிடித்த மூன்றாவது கேஸ். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். மூன்று சென்டிமீட்டர் தட்டைக் கட்டி. எங்களிடம் வருவதற்கு முன் வேறோரிடத்தில் அதன் நடுவிலிருந்து ஆறு துணுக்கு பயாப்சி எடுத்திருந்தார்கள். கட்டி என்றால் பயாப்சி எடு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டைக் கட்டியில் ஒவ்வொரு கிள்ளலும் அடியில் ஒரு தழும்பாகிறது. சளிப்படலமும் தசையும் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. திரவம் செலுத்தினால் சுற்றிலும் உப்பி, நடுவில் தொப்புள் மாதிரி குழிந்து நிற்கும். உரிக்கப் போனால் நீலத்துக்குப் பதில் வெள்ளை நார். எது தழும்பு, எது தசை என்று தெரியாது. நான் தழும்பு என்று நினைத்து அறுத்தது தசை. வெள்ளை நாருக்கு நடுவே சட்டென்று ஒரு மஞ்சள் தெரிந்தது.

கொழுப்பு. குடலுக்கு வெளியே இருப்பது.

“கையை எடுக்காதம்மா. அப்படியே நில்லு” என்றார் சார். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. காற்றுக்குப் பதில் கார்பன்-டை-ஆக்ஸைடு ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காகவே அதை வைப்பது. சார் கேமராவை வாங்கி, ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் உரித்து இடம் உண்டாக்கி, நாலு கிளிப் போட்டு வாயை மூடினார். பிறகு மீதிக் கட்டியையும் எடுத்து முடித்தார். இரண்டு நாள் பட்டினி, ஆன்டிபயாடிக். மூன்றாம் நாள் காலை தபால்காரர் காபி கேட்டார். அதுவரை நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இந்தச் சிகிச்சையில் நூற்றுக்கு ஐந்து பேர் போல இப்படி ஓட்டை விழும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். புத்தகத்தில் அந்த மஞ்சள் இல்லை.

அடுத்த முறை அந்த மஞ்சளைப் பார்த்தது பக்கத்துத் தியேட்டரில். அறுவை சிகிச்சை நிபுணர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “ஓட்டை வழியா எட்டிப் பாத்தியாமே, முழுசா வந்து பாரு” என்று கூப்பிட்டார். லேப்ராஸ்கோப்பிக் கேமராவில் இடுப்புக் கூட்டுக்குள் இறங்கினார். மலக்குடலைச் சுற்றி அந்த மஞ்சள் கொழுப்பு ஒரு தலையணை போல இருக்கிறது, அதன் மேல் பளபளவென்று மெல்லிய உறை. உறைக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை போன்ற இழைகள். அக்கா அந்த இழைகளை மட்டும் அறுத்துக்கொண்டே போனார். உறை எங்கும் கிழியவில்லை. இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற சின்ன ஊரில் பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1982இல் எழுதிய பாடம் இது. உறையோடு கொழுப்பை முழுசாக எடுத்தால் புற்று அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று அவர் காட்டினார். நிணநீர்க் கணுக்கள் அந்தக் கொழுப்புக்குள்தான் புதைந்திருக்கின்றன. உறை கிழிந்தால் எதையோ உள்ளே விட்டுவிட்டு வந்ததாக ஆகும்.

அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் நுங்குதான் உரிக்கிறார். அடுக்கு வேறு.

நானோ சாரோ செய்கிறபோது மஞ்சளைத் தொடாமல் இருப்பதே திறமை. அக்கா செய்கிறபோது மஞ்சளை மொத்தமாக எடுப்பதே திறமை. கட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், கட்டி போய்விடுகிறது. வித்தியாசம் அந்தத் தலையணையில். உள்ளே கணுக்களில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பது எடுத்தால்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. உதவும், ஆனால் சின்னதாக ஒளிந்திருப்பது அதன் கண்ணுக்கும் தப்பும்.

எடுத்தால் என்ன விலை? 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து எடுத்து வயிற்றில் நிரந்தரமாக வழி வைத்த நாள் முதல், அந்த விலையைக் குறைப்பதற்குத்தான் இந்தத் துறை பாடுபட்டு வருகிறது. இப்போது பெரும்பாலும் குடலைத் திரும்ப இணைத்துவிடுகிறார்கள். இணைத்த இடம் ஆறும் வரை சில மாதம் வயிற்றில் பை. பத்தில் ஒருவர் போல அந்த இணைப்பு கசியும். நூற்றில் ஒருவர், இருவர் அறுவை சிகிச்சையையே தாங்காமல் போகலாம். பையை எடுத்த பிறகும் கதை முடிவதில்லை. மலத்தைச் சேர்த்து வைக்கிற பை போன்ற உறுப்பே போய்விட்டதால், அடிக்கடி போக வேண்டும், போய்விட்டு வந்த உடனே மறுபடி போக வேண்டும், வந்தால் அடக்க முடியாது. டென்மார்க்கில் 2012இல் இதற்கு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். கீழ்ப்பகுதி மலக்குடல் எடுத்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் அதில் கடுமையான பிரிவில் வருகிறார்கள். இதை நம் நோயாளிகளிடம் யாரும் முன்கூட்டி விவரமாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். பையைப் பற்றிச் சொல்வோம். பைக்குப் பிறகு என்ன என்று சொல்வதில்லை.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1980களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ், ஆசனவாய் வழியாகவே கருவி செலுத்தி, குடல் சுவரின் முழுத் தடிமனையும் வெட்டியெடுத்துத் தைக்கிற முறையைக் கொண்டுவந்தார். அதில் தசையும் சேர்ந்து வருகிறது. பிறகு பெரிய அறுவை தேவைப்பட்டால், அந்த இடத்தில் மஞ்சள் தலையணையோடு தழும்பு ஒட்டியிருக்கும், அக்காவின் சிலந்தி வலை கிடைக்காது. இ.எஸ்.டி. தசையைத் தொடாமல் விடுவதால் அந்தத் தொல்லை குறைவு. இந்த வழி எனக்குத் தெரியாத வேலை. அதனால் இதற்கு மேல் பேச மாட்டேன்.

இத்தனையும் மனப்பாடமான பிறகு வந்தார் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஐம்பத்தொரு வயது, மதுரை – நாகர்கோவில் வண்டி. ஒரு வருடமாக மலத்தோடு ரத்தம். இன்ஜின் சூடு, சீட்டுச் சூடு, மூலம்தான் என்று டிப்போவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். துத்தி இலை வதக்கிச் சாப்பிட்டார், கருணைக்கிழங்கு சாப்பிட்டார். விரல் விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசனவாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே, நாலு சென்டிமீட்டர் அகலம், முண்டும் முடிச்சுமாக ஒரு பரப்பு. அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு முடிச்சின் மேல் கோலம் கலைந்திருந்தது, அழியவில்லை. சார் பக்கத்தில் நின்று, “எடுக்கலாம். எடுத்தாத்தான் தெரியும்” என்றார்.

இரண்டு மணி ஐம்பது நிமிடம். முதலில் அவரை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது என்று பார்த்தோம். கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது பள்ளத்தில் தேங்கும்; கட்டி அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் உரிக்க உரிக்க மடல் தன் பாரத்தாலேயே தொங்கி வழிவிடும். இன்னொரு கை இல்லாத வேலையில் பூமியின் இழுப்புதான் இன்னொரு கை. ஆசனவாயை ஒட்டிய ஓரத்தில் மூல நாளங்கள் பாம்பு மாதிரி கிடந்தன. ஒவ்வொன்றையும் முதலில் வெளிக்காட்டி, சின்ன இடுக்கியால் பிடித்துச் சுட்டு, பிறகு அறுத்தேன். மஞ்சள் தெரியவில்லை. நீலத்திலேயே தொடங்கி நீலத்திலேயே முடித்தேன். துண்டை நானே குத்தினேன், முப்பத்தொரு குண்டூசி. சிஸ்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி எனக்கு ஒரு கர்வம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

பத்தாம் நாள் ரிப்போர்ட். ஓரங்கள் சுத்தம். நல்ல வேறுபாடுள்ள புற்று. ரத்த, நிணநீர்க் குழாய்களில் ஊடுருவல் இல்லை. முனையில் சின்னச் சின்னதாக மொட்டு விட்டு முன்னேறும் செல்கள் மிகக் குறைவு. ஆழம் 1300 மைக்ரான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் முந்நூறு.

முந்நூறு மைக்ரான் எவ்வளவு என்று யோசித்தேன். தலைமுடி நாலைந்தை அடுக்கினால் அவ்வளவுதான். என் கத்தி ஒரு தப்பும் செய்யவில்லை, துண்டு முழுசாக இருந்தது. ஆனாலும் அது தோல்வி மாதிரிதான் முதலில் வலித்தது. சாரிடம் போய், “சார், நல்லாத்தானே எடுத்தோம்?” என்றேன். “நல்லா எடுத்ததாலதான் இந்த நம்பரே தெரியுது. துண்டு துண்டா எடுத்திருந்தா இது கூடத் தெரியாம வீட்டுக்கு அனுப்பியிருப்ப” என்றார். நாங்கள் எடுத்தது சிகிச்சையா, பெரிய பயாப்சியா என்பதை பெத்தாலஜி அறைதான் முடிவு செய்கிறது. கத்தி பிடிக்கக் கற்ற இரண்டு வருடத்தில் இது என் தலைக்குள் ஏறவில்லை; அந்த ஒரு நிமிடத்தில் ஏறியது.

கூட்டம் போட்டோம். சார், அக்கா, பெத்தாலஜி மேடம், நான். இடையடுக்கில் இறங்கிய புற்றுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் பத்தில் ஒருவருக்குக் கணுவில் இருக்கும். ஆனால் ஆழம் மட்டுமே கோடு தாண்டி, மற்ற எல்லாம் நல்லதாக இருப்பவர்களைத் தனியே பிரித்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவுக்கு இறங்குகிறது. அக்கா பேனாவை மேசையில் வைத்தார். “என் ஆபரேஷன்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் செத்துப்போறாங்க. பை, கசிவு எல்லாம் தனி. நான் ரெடி. ஆனா கட்டாயம் பண்ணியே ஆகணும்னு சொல்ல மாட்டேன்” என்றார். அறுவைக்காரர்கள் எப்போதும் அறுக்கத்தான் பார்ப்பார்கள் என்று எங்கள் துறையில் ஒரு கிண்டல் உண்டு. அன்றோடு அந்தக் கிண்டலை நான் விட்டுவிட்டேன்.

ஓட்டுநரையும் அவர் மனைவியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். அக்கா அந்த ஐந்து கேள்விகளைக்கூடப் பச்சையாகச் சொன்னார். அவர் ஒன்றுதான் கேட்டார்: “திருமங்கலம் தாண்டினா அடுத்து நான் எங்க மேடம் நிறுத்த முடியும்?” அம்பத்து நாலு பேர் பின்னால் உட்கார்ந்திருக்க, அடக்க முடியாமல் வந்தால் என்ன செய்வது என்பது அவர் கணக்கு. மனைவியின் கணக்கு வேறு. இரண்டு பொண்ணுங்க, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எடுத்துடுங்க என்றார். இருவரும் எங்கள் முன்னால் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் தனியாக வந்து, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். அவர் எடுத்த முடிவு சரியா என்று என்னைக் கேட்டால், அவர் இடத்தில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். அவர் மனைவி இடத்தில் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

அதே மாதத்தில் வந்தவர் இட்லிக் கடை வைத்திருக்கிற பாட்டி, அறுபத்தேழு வயது. கட்டி பார்ப்பதற்கு ஓட்டுநருடையதைவிடச் சின்னது, சாதுவானது. நான்தான் எடுத்தேன், ஒன்றரை மணி நேரத்தில், அழகாக. ரிப்போர்ட்டில் 2200 மைக்ரான், நிணநீர்க் குழாய்க்குள் புற்றுச் செல்கள். இதில் விவாதம் இல்லை. அக்கா செய்தார், உறை கிழியாமல். வயிற்றில் பை. எடுத்த கொழுப்பிலிருந்து பெத்தாலஜி மேடம் பதினைந்து கணுக்களைத் தேடிப் பிடித்தார். ஒன்றில்கூட இல்லை.

நல்ல செய்தி என்று நானே வார்டுக்கு ஓடினேன். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து, பையை எப்படிக் காலி செய்வது என்று சிஸ்டர் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா தாயி?”

“இல்ல பாட்டி. சுத்தமா இருக்கு.”

“ஒண்ணுமே இல்லாததுக்கா இம்புட்டையும் எடுத்தீக?”

பதில் இருக்கிறது. இவரைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்குக் கணுவில் இருக்காது, சிலருக்கு இருக்கும், யாருக்கு என்று முன்கூட்டிப் பிரிக்க இன்றைக்கு எங்களிடம் வழி இல்லை, அந்தச் சிலருக்காக எல்லோரையும் அறுக்கிறோம். இதை அவரிடம் சொன்னேன், கூடியவரை எளிமையாக. கேட்டுக்கொண்டார். “சரி, பையை எப்ப எடுப்பீக? மாவாட்டக் குனிய முடியல” என்றார். மூன்று மாதம் என்று அக்கா சொல்லியிருந்தார். நாலரை மாதத்தில் எடுத்தோம். இப்போது கடை விடியற்காலைக்குப் பதில் எட்டு மணிக்குத் திறக்கிறது, காலையில் மட்டும் ஐந்தாறு முறை போக வேண்டியிருக்கிறது என்பதால். அந்த ஐந்து கேள்விகளை நான் கேட்டுக் குறித்துக்கொள்ளும்போது, “இதையெல்லாம் மொதல்லயே கேட்டா நாங்க வருவோமா?” என்று சிரித்தார். அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தோமா என்று பழைய ஃபைலைப் புரட்டினேன். பை என்று எழுதியிருந்தது. வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஓட்டுநர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். மயக்கம் வேண்டாம் என்பார், இனிமா மட்டும். நாலு சென்டிமீட்டர் எடுத்த இடத்தில் இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைத் தழும்பு, அதை நோக்கி மடிப்புகள் சுருங்கி வந்து சேர்கின்றன. அந்தத் தழும்பை இருபது நிமிடம் பார்க்கிறேன். கழுவி, சாயம் தெளித்து, கோலம் சரியாக இருக்கிறதா என்று புள்ளி புள்ளியாகப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. வேறு எதுவும் வருமென்றால் அது தழும்பில் வராது, அதற்கு வெளியே மஞ்சளுக்குள் வரும், அங்கே என் கேமரா போகாது என்பது தெரிந்தும் பார்க்கிறேன். அதற்காகத் தனியே எம்.ஆர்.ஐ. எடுத்து அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.

போன முறை வந்தது மூன்றாவது தடவை. காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார், இரண்டு நாற்பதுக்கு வண்டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் எழுந்துகொண்டார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “அவ இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கா மேடம்” என்றார். அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்னிக்குத் தீபாவளி ஸ்பெஷல் ஓடும், லீவு தர மாட்டாங்க” என்று சீட்டைத் திருப்பி நீட்டினார். அடித்துவிட்டு அடுத்த வாரம் எழுதினேன்.